குத்தாத தேளி

மூன்று வருடம் தேளி மீனோடு குடும்பம் நடத்தியும் ஒரு குத்துகூட வாங்காதவள் என்று எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பேர். அந்தப் பேரைப் பரப்பியதே நான்தான், பொய் சொல்ல மாட்டேன். தேளி கெளுத்திக்குச் சொந்தக்கார மீன். கருப்பாக, வழவழவென்று, மீசையோடு இருக்கும். பக்கத்துக்கு ஒரு முள் வைத்திருக்கும். குத்தினால் தேள் கொட்டினது போலத்தான், விரலில் ஆரம்பித்து அக்குள் வரைக்கும் ஏறும். எனக்கு முன்னால் அதைத் தொட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கையை உதறிக்கொண்டு ஓடியவர்கள்தான். நான் மட்டும் முழங்கை வரைக்கும் தடித்த ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி வேலை பார்த்தேன். அந்த உறை என்னை மூன்று வருடமாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. அப்பாவை அத்தா என்போம், அவர் சவூதியில் ஒரு கடையில் இருந்தார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். ஸலாம் சொன்ன கையோடு அவர் கேட்கிற முதல் கேள்வி, "மழை பேஞ்சுச்சாம்மா?" என்பதுதான். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு வாரம் தவறாமல் ஊர் மழையை விசாரிக்கிற மனுஷன். நான் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்தப் போனுக்காகவே வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பிடித்த பிடியை விட மாட்டேன். நான் செய்தது சரி என்று எனக்குப் பட்டுவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது. மூன்றுமே ஆராய்ச்சிக்கு ஏற்ற குணம் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டுக்கு இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

ஏரி வற்றினால் மற்ற மீன்கள் செத்துக் கொக்குக்கும் காக்கைக்கும் போகும். தேளி போகாது. சேறு இறுகுகிறபோதே உள்ளே இறங்கிவிடும். மேலே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ஒரு முழத்துக்குக் கீழே, கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கிற பொந்துக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். தின்னாது, அசையாது. தண்ணீர் இருந்தால் உடம்புக் கழிவைத் தண்ணீரில் விட்டுவிடலாம். இல்லாததால் அந்த அம்மோனியாவை அவ்வளவு விஷமில்லாத யூரியாவாக மாற்றித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மழை வந்து மேலே தண்ணீர் நின்றால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நீந்திப் போய்விடும்.

அதனுடைய ஜீன்களில் எவை எவை தூக்கத்தில் அணைகின்றன, எவை எரிகின்றன, விழிக்கும்போது முதலில் எது எரிகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் தெருவில் சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மொத்தமாக வெளிநாடு போவார்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டுப் போவார்கள். தூங்குகிற தேளிக்குள் அப்படி ஒரு வாசல் விளக்கு இருக்கும் என்று நான் நம்பினேன். அதைக் கண்டுபிடித்தால் என் ஆராய்ச்சி முடிந்தது.

ஒரு ஜீன் வேலை செய்தால் அதன் நகல்கள் செல்லுக்குள் இருக்கும். ஈரலிலிருந்து அந்த நகல்களைப் பிரித்து, பெருக்கி, ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓடவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்த்தால், வேலை செய்கிற ஜீன் வெளிச்சக் கோடாகத் தெரியும். அணைந்த ஜீன் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருக்கும். ஆனால் அந்த நகல்கள் சீக்கிரம் சிதைந்துவிடும். மீனைப் பிடித்த இடத்திலேயே ஈரலை அறுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்தாக வேண்டும். ஆகவே வாரா வாரம் ஒரு நைட்ரஜன் குடுவையோடு அரியலூர் பஸ்ஸில் போவேன். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். முதல் தடவை கண்டக்டர், "என்னம்மா, பால் பொங்குதா?" என்று கேட்டார். மூன்றாம் மாதத்திலிருந்து டிரைவருக்குப் பின் சீட்டில் குடுவைக்குத் தனியாக இடம் போட்டு வைத்தார்.

அரியலூர் தாண்டி, ரெட்டிபாளையம் பக்கமிருந்து சிமெண்ட் லாரிகள் வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வருகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் என் ஏரி. மதியம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஏரித் தரை லேசாக உதறும். இது இரண்டாயிரத்து மூன்று. இரண்டு வருடமாக ஏரியில் தண்ணீர் தை மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. வண்டல் மண்ணை வயலுக்கு அடிக்க டிராக்டர்கள் வரும், பெண்கள் கூடையில் அள்ளி ஏற்றுவார்கள். நான் ஒரு பக்கமாக மண்வெட்டியைப் போட்டு அரைமணி, முக்கால்மணி வெட்டினால் தேளி கிடைக்கும். முள்ளை விரித்துக்கொண்டு உறையைக் குத்தும். குத்தட்டும் என்று அமுக்கிப் பிடித்து வேலையை முடிப்பேன்.

வாசல் விளக்கும் கிடைத்துவிட்டது. தூங்குகிற மீன்களில் ஒரு ஜீன் பளிச்சென்று எரிந்தது. எல்லாம் அணைந்திருக்கிற நேரத்தில் இது மட்டும் ஏன் எரிய வேண்டும்? இதுதான் தூக்கத்தில் மீனைக் காவல் காக்கிறது என்று எழுதினேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சிரிக்கவே தெரியாத மனிதர். அந்த ஜெல் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது. கணக்கில் தேறியது மொத்தம் பதினேழு மீன். பதினாறில் கோடு இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அந்த ஒன்றுக்கு எதிரே நோட்டில் சிவப்பு மையால் 'கெட்டுப்போனது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த வருடம் ஆவணி கடைசியில் ஒருநாள். மண் அள்ளுகிற பெண்கள் கரையில் கருவேல மர நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வாய் ஓயாது. படித்தவர்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சர்தான். நான் உறையைக் கழுவிக் காயப்போடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சரே, நீங்க தூங்குற மீனுதானே தேடுறீங்க?"

"ஆமாக்கா."

"அப்பறம் எதுக்கு இந்த உறை?"

"குத்தும்ல."

அவள் சோற்றை வாயில் வைக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளை இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "தூங்குறவ எங்கயாச்சும் அடிக்க வருவாளா? குத்த வர்ற மீனு எப்புடி டீச்சரே தூங்குற மீனு?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நாங்க படிச்சு, யோசிச்சுத்தான் செய்யிறோம்" என்றேன். என் வாய் அப்படி.

"படிங்க, யாரு வேணாங்குறா. நெசமாலுமே தூங்குறது கட்டையாட்டம் கெடக்கும். கையில வெச்சு உருட்டலாம். நீங்க மம்பட்டியப் போட்டு டம்மு டம்முன்னு வெட்டுறீங்க. ஒங்க கை அதுகிட்ட போறதுக்குள்ள அது எந்திரிச்சு மொகம் கழுவியிருக்கும்."

"அப்படின்னா மத்தியானம் சுரங்கத்துல வெடி போடுறாங்களே, அதுக்கு முழிக்காதா?" மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"அந்த வெடிக்கு எம் புள்ளையே முழிக்காது. தெனம் கேக்குற சத்தம். ஆனா நான் கொலுசக் கழட்டி வெச்சுட்டு நடந்தாலும் தூளியில முழிச்சுக்கும்." சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டில் இறங்கிவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். லால்குடி தாண்டுகிற வரைக்கும் திட்டினேன். அப்புறம்தான் அந்தக் கெட்டுப்போன மீன் ஞாபகத்துக்கு வந்தது. அதை நான் வெட்டி எடுக்கவே இல்லை. டிராக்டர்க்காரர்கள் பல நாள் முன்னால் வெட்டிவிட்டுப் போன பள்ளத்தின் சுவர் ஒரு காலையில் தானாக இடிந்து விழுந்திருந்தது. உடைந்த இடத்தில் பொந்துக்குள் தேளி அப்படியே கிடந்தது. உறை பையில் இருந்தது. மாட்ட நேரமில்லாமல் வெறுங்கையால் எடுத்தேன். குச்சியை எடுத்தது போல இருந்தது. அது குத்தவில்லை. நான் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்திருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆய்வகத்துக்குப் போனதும் நோட்டைப் பிரித்தேன். எனக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைப்பேன். முதல் வெட்டு எத்தனை மணிக்கு, ஈரல் குடுவைக்குள் போனது எத்தனை மணிக்கு என்று எல்லா மீனுக்கும் இருந்தது. இடைவெளி குறைவிலிருந்து கூடுதல் என்று மீன்களை வரிசைப்படுத்தி, பக்கத்தில் ஜெல் கோடுகளை வைத்துப் பார்த்தேன். சீக்கிரம் கிடைத்த மீனில் கோடு மெல்லியதாக இருந்தது. நேரமாக ஆகக் கோடு தடித்துக்கொண்டே போனது. அது விழிக்கும்போது எரிகிற விளக்கு. நான் வீட்டுக் கதவை முக்கால்மணி நேரம் தட்டிவிட்டு, உள்ளே விளக்கு எரிகிறது பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். பதினாறு பொய், ஒரே ஒரு உண்மை. அந்த உண்மைக்குத்தான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். இப்போது அதை மறைப்பானேன், நினைத்தேன். மண் அள்ளுகிற ஒரு பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது. டிசம்பரோடு எனக்குக் கொடுத்த காலம் முடிகிறது. இருப்பதை வைத்து எழுதிக் கொடுத்தால் டாக்டர் பட்டம் கைக்கு வந்துவிடும். ஆனால் பட்டத்தை வாங்கிக்கொண்டு அந்த ஏரிக்கரைப் பக்கம் போனால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என்னால் தாங்க முடியாது. மறுநாள் காலை பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ஜீன் தூக்கத்துல எரியல. அது என் மண்வெட்டி சத்தத்துக்கு எரிஞ்சது."

நோட்டை விரித்துக் காட்டினேன். அவர் கத்தினார். மூன்று வருடம், மாநாடு, அவர் பேர், என் பேர் எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினார். நான் பதில் பேசாமல் நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கத்தி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் படத்தை உருவி எடுத்தார்.

"உண்மையா தூங்குற மீன் வேணும். ஒண்ணு பத்தாது. ஏரியில மழை எப்ப வரும்?"

அதுதான் கேள்வி. புரட்டாசி பிறக்கப் போகிறது. எந்த நாளும் இடிமழை இறங்கலாம். ஒரு நல்ல மழை போதும், மண்ணுக்குள் இருக்கிற மொத்த தேளியும் எழுந்துகொள்ளும். அப்புறம் தூங்குகிற மீனுக்கு அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க வேண்டும். டிசம்பரில் என் கதை முடிந்திருக்கும். ஆய்வகத் தொட்டியிலும் களிமண்ணில் தேளி வைத்திருந்தேன். அது அடங்கிக் கிடக்குமே தவிர ஏரி மீன் போல ஆழ்ந்து தூங்காது. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிந்திருந்தது. கலைந்த தேளி மறுபடி அடங்க எட்டு, பத்து நாள் ஆகும்.

ஆகவே இப்படி யோசித்தேன். மீன் இருக்கிற பொந்தைச் சுற்றி இப்போதே வெட்டிவிடுவது. நடுவில் மண்ணைச் சின்னத் தூண் மாதிரி நிறுத்திவைப்பது. சத்தத்துக்கு மீன் விழித்தால் விழிக்கட்டும். பத்து நாள் அந்தப் பக்கம் ஒரு கால்கூடப் படாமல் விட்டால் திரும்பத் தூங்கிவிடும். பத்தாம் நாள் கையால் தூணைப் பிளந்து, ஒரே நிமிஷத்தில் மீனை எடுப்பது. இதை என்னால் தனியாகச் செய்ய முடியாது. பொந்து எங்கே இருக்கிறது என்று தினமும் அந்த மண்ணைக் கிளறி அள்ளுகிற அக்காவுக்குத்தான் தெரியும்.

மறுநாளே போய் அவள் முன்னால் நின்றேன். "நீங்க சொன்னதுதான் சரிக்கா. நான் எடுத்ததெல்லாம் முழிச்ச மீனு." அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அடப் பாவமே, மூணு வருஷமாவா?" என்றாள். அது சிரிப்பைவிட வலித்தது. அன்று மதியத்துக்குள் அவளும் இன்னும் நாலு பேரும் ஏரியின் தெற்கு மூலையில் ஆறு தூண் வெட்டி நிறுத்திவிட்டார்கள். மேலே ஓலைப் பாயைப் போட்டு மூடினோம். டிராக்டரை வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்லி அவளே டிரைவரிடம் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தாள்.

"பத்து நாளா? அதுக்குள்ள மழ வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வராது."

"வராதா? நாங்க அடுத்த வாரம் கொடும்பாவி இழுக்கப் போறோம் டீச்சரே. வைக்கோலெல்லாம் சேத்தாச்சு."

மழை பொய்த்தால் ஊரில் ஒரு மகாபாவி இருப்பதாக வைத்து, வைக்கோலில் உருவம் செய்து, மாரடித்து அழுதுகொண்டே தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். அந்தப் பாவி ஒழிந்தால் மழை வரும். நான் குனிந்து ஓலைப் பாயைச் சரிசெய்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊரிலும் அதே கதைதான். அந்த வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் வெட்டவெளியில் மழைத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வெள்ளாறு வெறும் மணலாகக் கிடந்தது. வீட்டுக் கிணற்றில் வாளி தரையில் முட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். முடிந்ததும் அம்மா கையேந்தி மழைக்காக துஆ கேட்க, எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். நானும் கையேந்தினேன். ஆமீன் சொல்ல வாய் வரவில்லை. எல்லாரும் மழை கேட்கிற அந்த இடத்தில், யா அல்லாஹ், பத்து நாள், பத்தே நாள் பொறுத்துக் கொடு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "மழை பேஞ்சுச்சாம்மா?"

"இல்லத்தா."

"ஏன்மா, அதைப் போய் சந்தோஷமா சொல்ற?"

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடித்தாரோ. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நாள் எண்ணினேன். ஆறு தூணில் இரண்டை ஆடு ஏறி உடைத்துவிட்டது என்று ஐந்தாம் நாள் கரையிலிருந்து பார்த்தபோது தெரிந்தது. நாலு மிச்சம். ஒன்பதாம் நாள் காலையில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றபோது கிழக்குக் காற்றில் மண் வாசனை வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. குடுவையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் இறங்கும்போதே வானம் கருத்துக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து ஏரிக்கு ஓடினேன். நிரம்பிய நைட்ரஜன் குடுவையோடு ஓடக் கூடாது, அது எனக்குத் தெரியும், ஆனாலும் ஓடினேன். கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், நான் வருவேன் என்று தெரிந்தது போல. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள்.

முதல் தூணுக்குப் பக்கத்தில் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். உறையை எடுத்தேன், பிறகு தூக்கித் தூரப் போட்டேன். தூங்குகிறதா இல்லையா என்று சொல்ல என் வெறுங்கையைவிட நல்ல கருவி அந்த ஏரியில் இல்லை. அக்கா தூணைப் பிளந்தாள். உள்ளே கருப்பாக வளைந்து கிடந்தது. விரலை அதன் கழுத்துக்கு அடியில் கொடுத்து எடுத்தேன். அசையவில்லை. முள் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து, அறுத்து, சுற்றி, குடுவைக்குள் போட்டேன். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. இரண்டாவதும் கட்டை போலக் கிடந்தது. மூன்றாவதை எடுக்கும்போது தூரத்தில் இடித்தது. அதுவும் குத்தவில்லை.

நாலாவது தூணைப் பிளந்தபோது என் முதுகில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்தது மண்ணில், அடுத்தது பாயில் பட்டுச் சடசடவென்று. பொந்துக்குள் தண்ணீர் தெறித்தது. நான் வெட்டுக்கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு கையை விட ஆன நேரம் அது விழிக்கப் போதுமாக இருந்திருக்கிறது. ஆட்காட்டி விரலில் நெருப்பு வைத்தது போல இருந்தது. அலறிவிட்டேன். வலி மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, கண்ணில் தண்ணீராக வந்தது. மூன்று வருட ராஜ்ஜியம் அன்றோடு முடிந்தது.

"முழிச்சுக்கிச்சு புள்ள, முழிச்சுக்கிச்சு" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் போய்ப் புள்ளையாகிவிட்டேன். மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அவள் என் விரலில் தடவ, நான் மறு கையால் அந்தத் தேளியையும் விடாமல் அமுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்து, குடுவைக்குள் போட்டு, நேரத்தைக் குறித்தேன். தாள் நனைந்து மை ஓடியது. ஏரி முழுக்கப் பாளம் பாளமாக வெடித்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வடக்குப் பக்கம் பெண்கள் கூடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு நனைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"அக்கா, பத்து நாளு மழ வேணாம்னு கேட்டது நான்தான்."

"தெரியும்" என்றாள். "முந்தாநேத்து கொடும்பாவி இழுக்கையில ஒன்ன நெனச்சுக்கிட்டுத்தான் இழுத்தேன்." அப்படிச் சொல்லிக்கொண்டே குடுவை நனையாமல் தன் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் ஆய்வகத்தில் வீங்கிய விரலோடு வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தேன். பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்றார். யூரியா வேலைக்கான ஜீன் நாலு மீனிலும் எரிந்தது, ஆகவே சாம்பிள் எதுவும் கெட்டுப்போகவில்லை. அடுத்த வரிசையில் என்னுடைய பழைய வாசல் விளக்கு. முதல் மீன் இருட்டு. இரண்டாவது இருட்டு. மூன்றாவதும் இருட்டு. நாலாவதில் மெல்லிசாக ஒரு கோடு. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து அப்படி நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"நாலாவது எது?" என்று கேட்டார்.

"என்னைக் குத்துனது சார்."

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு எழுதிய கடிதத்தை எடுத்து என் முன்னால் கையெழுத்துப் போட்டார். சகதியோடு நான் மேஜைமேல் போட்டிருந்த ரப்பர் உறையை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஊரில் போன் மணி அடித்ததும் நானே ஓடிப்போய் எடுத்தேன்.

"மழை பேஞ்சுச்சாம்மா?"

"பேஞ்சுச்சுத்தா. நாலு நாளா விட்டு விட்டுப் பேயுது."

"அல்ஹம்துலில்லாஹ். ஏன்மா, இதைப் போய் அழுதுக்கிட்டே சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மீன், மண்வெட்டி, ஓலைப் பாய், அம்மா கையேந்தியபோது நான் ஆமீன் சொல்லாதது. "ஊரே மழை கேட்டப்ப நான் மட்டும் பத்து நாளைக்கு வேணாம்னு கேட்டேன் அத்தா."

கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"எத்தனை நாள் கிடைச்சுச்சு?"

"ஒன்பது."

"ஊரு அத்தனை பேரையும் ஒன்பது நாள் நிக்க வச்சுட்டு உனக்குக் குடுத்திருக்கான்" என்றார். "அந்த ஒன்பது நாள்ல கிடைச்சதை ஒழுங்கா எழுதும்மா. ஏரி ரொம்புச்சா?"

"ரொம்பிக்கிட்டு இருக்கு அத்தா" என்றேன்.